அவையைப் பாடவைத்த முதியவர்



சொல்லையும் இசையையும் தாமே அமைப்பவரை நம் இசை நூல்கள் வாக்கேயகாரர் என்று வழங்கும். அத்தகைய ஒருவர், தம் பாடல்கள் நாடெங்கும் பரவிப் பிறர் நாவிலெல்லாம் ஏறிவிட்ட பின்பு, முதுமைப் பருவத்தில் அரங்கேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குரல் தளர்ந்திருக்கும். மேல் சுருதி எட்டாது, மூச்சு நீளாது. அவர் இளமையில் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தபடியே கேட்கலாம். ஆயினும் மக்கள் அவரை நேரில் கண்டு கேட்பதற்குத் திரள் திரளாகச் செல்கின்றனர். அவர்கள் எதைப் பெறுவதற்காகச் செல்கின்றனர்? இந்த வினாவுக்கு அமெரிக்க நாட்டுப் பாடகர் பீட் சீகரின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள். பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்பதற்கு இரண்டு நாள் முன்னர், வாஷிங்டன் மாநகரில் ஆபிரகாம் லிங்கனின் நினைவு மண்டபத்தின் முன்பு பெரியதோர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. கடுங்குளிர், எனினும் பல இலட்சம் மக்கள் கூடியிருந்தனர். புகழ்மிக்க பாடகர் பலர் பாடினர். நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியில், பின்னற்குல்லாய் அணிந்த மெலிந்த முதியவர் ஒருவர் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வந்தார். அவர்தாம் பீட் சீகர். அப்போது அவருக்கு வயது 89. ஒரு பக்கம் அவருடைய பேரன். மறுபக்கம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் பாடகர்.

அவர் பாடியது தம் பாடலன்று. தம் நண்பர் உட்டி கத்ரி 1940-ஆம் ஆண்டில் இயற்றிய, நாடு எல்லார்க்கும் உரியது என்னும் கருத்தமைந்த பாடல். அந்நாட்டுச் சிறுவர் அனைவரும் அறிந்த அப்பாடலில், தனியார் நிலத்தில் நுழையாதே என்று தடுக்கும் பலகையைப் பற்றியும், உதவி நிலையத்தின் முன் பசியோடு நிற்கும் மக்களைப் பற்றியும் சில அடிகள் உண்டு. அவை பெரும்பாலும் விடப்படுவது வழக்கம். சீகர் அவற்றை விடாமல் பாடினார். பாடினார் என்பதைவிடப் பாடுவித்தார் என்பதே பொருந்தும். ஒவ்வோர் அடி தொடங்குவதற்கும் சற்று முன்னரே அவ்வடியின் சொற்களை உரத்துக் கூறுவார். அடுத்த கணம் அச்சொற்களை அந்தப் பெருங்கூட்டம் இசையோடு எழுப்பும். அவருடைய குரலில் வலிமை குறைந்திருந்தது. பாட்டில் வலிமை குறையவில்லை.

இம்முறை நமக்குப் புதியதன்று. நம் பஜனை மடங்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்ந்து பாடுவதைக் கேட்டிருக்கிறோம். அமெரிக்க நாட்டுத் தேவாலயங்களிலும், பாட்டுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்தில், படிக்கத் தெரியாதவர்களும் பாடுவதற்காக ஒருவர் அடியைச் சொல்ல மற்றவர் பாடும் வழக்கம் இருந்தது. சீகர் அவ்வழக்கத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிய அவர், தாம் மட்டும் பாடி அவை வாளாவிருந்து கேட்கும் நிலையை விரும்பியதே இல்லை.

இனி அவருடைய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அவர் 1919-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் சீகர் இசை ஆராய்ச்சியாளர். தாய் வயலின் கலைஞர். பதினேழாம் வயதில், 1936-இல், தந்தையுடன் வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகருக்குச் சென்றபோது, அங்கு நடந்த நாட்டுப்புற இசை விழாவில் ஐந்து நரம்புப் பாஞ்சோவின் ஒலியைக் கேட்டார். அவ்வொலி அவரை ஆட்கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் 1938-இல் படிப்பை இடையிலேயே விட்டுவிட்டார். பின்னர் அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தின் நாட்டுப் பாடல் தொகுப்பில் ஆலன் லோமாக்ஸ் என்னும் அறிஞருக்குத் துணையாகப் பணியாற்றினார். உழவர், சுரங்கத் தொழிலாளர், சிறைக்கைதிகள் ஆகியோர் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகள் அங்கே குவிந்திருந்தன. அந்நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று எனலாம்.

1940-ஆம் ஆண்டு மார்ச் மாதம், புலம்பெயர்ந்த உழவுத் தொழிலாளர்க்கு நிதி திரட்ட நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில் அவர் உட்டி கத்ரியைச் சந்தித்தார். இருவரும் நாட்டைச் சுற்றி வந்தனர்; தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினர். பின்னர்ப் போர் வந்தது. சீகர் படையில் சேர்ந்து பசிபிக் தீவுகளில் பணியாற்றினார். போர் முடிந்தபின், 1948-இல், நண்பர் மூவருடன் 'வீவர்ஸ்' என்னும் பாடகர் குழுவை அமைத்தார். வீவர்ஸ் என்றால் நெசவாளர் என்பது பொருள். 1950-இல் அவர்கள் பாடி வெளியிட்ட இசைத்தட்டு ஒன்று பதின்மூன்று வாரம் விற்பனையில் முதலிடம் பெற்றது. செல்வமும் புகழும் ஒருங்கே வந்தன. ஆனால் அவை நிலைக்கவில்லை.

அன்றைய அமெரிக்காவில் பொதுவுடைமை அச்சம் பரவியிருந்தது. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் என்னும் ஊரருகே, நீக்ரோ மக்களின் பெரும் பாடகர் எனப் போற்றப்பட்ட பால் ராப்சன் பாடிய நிகழ்ச்சியில் சீகரும் பாடினார். நிகழ்ச்சி முடிந்து மக்கள் திரும்பும் வழியெங்கும், அதை எதிர்த்தவர்கள் நின்று கல்லெறிந்தனர். சீகரின் காரில் அவருடைய மனைவியும் இளங்குழந்தைகளும் இருந்தனர். கண்ணாடிகள் உடைந்தன, கற்கள் உள்ளே விழுந்தன. பிற்காலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் தாமே தம் கையால் வீடு கட்டியபோது, அந்தக் கற்களில் சிலவற்றை அடுப்புச் சுவரில் வைத்துக் கட்டினார். தம்மேல் எறியப்பட்ட கல்லைத் திருப்பி எறியாமல் வீட்டுக்கு வெப்பம் தரும் சுவராக்கிய அச்செயலில் அவருடைய இயல்பு முழுவதும் விளங்குகிறது.

கல்லெறிக்குப் பின் கறுப்புப் பட்டியல் வந்தது. வானொலி நிலையங்களும் பெரிய அரங்குகளும் வீவர்ஸ் குழுவுக்குக் கதவடைத்தன. 1952-இல் குழு கலைந்தது. 1955-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள், அமெரிக்க நலனுக்கு மாறான செயல்களை ஆராய்வதற்கென அமைந்த பிரதிநிதிகள் சபைக் குழு சீகரை அழைத்து விசாரித்தது. எந்தக் கூட்டத்தில் பாடினார், யாருடன் பழகினார், எக்கட்சியில் இருந்தார் என்று வினவினர். அந்நாளில் இவ்வாறு அழைக்கப்பட்டோர் பலர், தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லத் தேவையில்லை என்னும் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டித் தப்பினர். சீகர் அவ்வழியை நாடவில்லை. தம் சமயக் கொள்கை, அரசியல் கொள்கை, வாக்களித்த முறை ஆகியவற்றை அரசு வற்புறுத்திக் கேட்பதே முறையன்று என்றார். தம் பாடல்களைப் பற்றிக் கேட்டால் சொல்வதாகவும், விரும்பினால் பாடிக் காட்டுவதாகவும் கூறினார். குழுவினர் அதை விரும்பவில்லை.

விளைவு யாது? 1957-இல் பாராளுமன்ற அவமதிப்புக் குற்றம் பத்து வகையாகச் சாட்டப்பட்டது. 1961-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என முடிவு செய்து ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை கூறப்பட்ட நாளில், வழக்கில் பேசப்பட்ட பாடல் ஒன்றைப் பாட இசைவு கேட்டார், நீதிபதி இசையவில்லை. 1962-ஆம் ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு முறையாக வரையப்படவில்லை என்று கூறி அத்தீர்ப்பை நீக்கியது. ஏழாண்டுக் காலம் அவர் தலைமேல் வாள் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த ஏழாண்டில் அவர் என்ன செய்தார் என்பதை மாணவர்களாகிய நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெரிய அரங்குகள் அடைபட்டதால் அவர் சிறிய அரங்குகளை நாடினார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கோடை விடுமுறை முகாம்களிலும் பாடினார். சிறு தொகை பெற்றுக்கொண்டு, பாஞ்சோவைத் தோளில் மாட்டி, ஊர் ஊராகச் சென்றார். அங்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. 1960-இல் கலிபோர்னியாவின் சான் டியகோ நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில் அவர் பாடவிருந்தபோது, அரசைக் கவிழ்க்கும் கருத்தைப் பரப்புவதில்லை என்று உறுதிமொழி எழுதித் தருமாறு கல்விக் குழுவினர் கேட்டனர். அவர் மறுத்தார். வழக்கு நீதிமன்றம் சென்றது. உறுதிமொழியின்றியே நிகழ்ச்சி நடந்தது. அந்நகரின் கல்விக் குழுவே 2009-ஆம் ஆண்டில், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அவரிடம் வருத்தம் தெரிவித்தது. காலம் தாழ்ந்த செயலே, ஆயினும் நற்செயல்.

கறுப்புப் பட்டியலை எழுதியோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் தோன்றியிருந்தால் சீகரை மக்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருப்பர். பள்ளி மண்டபத்திலோ அவர் சிறுவரைப் பாடப் பழக்கினார். 1950-களில் அம்மண்டபங்களில் உடன்பாடிய சிறுவர்களும் மாணவர்களும் 1960-களில் வளர்ந்த இளைஞராயினர். சம உரிமைக்காகவும் அமைதிக்காகவும் தெருவில் இறங்கிப் பாடினர். ஜோன் பேயஸ் என்னும் புகழ்பெற்ற பாடகி 1954-இல் பதின்மூன்று வயதுச் சிறுமியாகச் சீகரின் கச்சேரியைக் கேட்டவர். அச்சிறுமிதான் 1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள், மார்ட்டின் லூதர் கிங் தம் கனவை எடுத்துரைத்த பேரணியில், அதே லிங்கன் மண்டபத்தின் முன்பு நின்று பாடினார். கல்லூரி கல்லூரியாகச் சென்ற அந்த ஆண்டுகளையே தம் வாழ்வின் மிக முக்கியமான பணியாகச் சீகர் பிற்காலத்தில் கருதினார்.

அப்பேரணியில் பேயஸ் பாடிய 'வீ ஷல் ஓவர்கம்' என்னும் பாடலின் வரலாறும் அறியத்தக்கது. அதற்கு ஒருவர் மட்டும் ஆசிரியர் அல்லர். நீக்ரோ மக்களின் பழைய தேவாலயப் பாடலில் தோன்றி, 1945-46-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளப் பெண்களின் நாவில் உருமாறி, டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் பள்ளியை அடைந்தது. அங்கிருந்த சில்பியா ஹார்ட்டனிடம் சீகர் அதைக் கற்றார். சில அடிகளைச் சேர்த்தார். 1957-இல் ஹைலாண்டர் பள்ளியில் அவர் பாட, மார்ட்டின் லூதர் கிங் கேட்டார். 1965-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள், வாக்குரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஜான்சன், அப்பாடலின் தலைப்பையே பாராளுமன்றத்தில் தம் பேச்சில் எடுத்தாண்டார். எந்த மன்றத்தின் குழு சீகரைப் பாட ஒட்டாமல் தடுத்ததோ, அதே மன்றத்தில் பத்தாண்டுக்குள் அப்பாடல் ஒலித்தது! அது கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி மொழிபெயர்ப்பு வாயிலாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. உங்களுள் பலர் அதை அணிவகுப்பில் நின்று பாடியிருப்பீர்கள். 2018-ஆம் ஆண்டில் அப்பாடல் தனி உரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆயிற்று.

வரலாறு கற்போர் ஒருவரைப் போற்றும்போது குறைகளை மறைத்தல் கூடாது. சீகர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்திருந்தவர்; பின்னர் அதனை விட்டு விலகினார். 1941-இல் ஜெர்மனியும் சோவியத் நாடும் உடன்பட்டிருந்தபோது, அவருடைய அன்றைய குழு போருக்கு எதிராகப் பாடி இசைத்தட்டு வெளியிட்டது. ஜூன் மாதத்தில் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியதும் அத்தட்டு திரும்பப் பெறப்பட்டது. பாட்டின் போக்கும் மாறிற்று. ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளை உணர்ந்து கூற அவர் நெடுங்காலம் எடுத்துக்கொண்டார். 2007-ஆம் ஆண்டில், தம் 88-ஆம் வயதில், ஸ்டாலினைக் கண்டித்து ஒரு பாடல் இயற்றினார். பிறர் பிழையை எடுத்துக்காட்டிப் பாடுவோர் பலர். தம் பிழையைப் பாட்டிலேயே திருத்திக்கொண்டோர் அரியர்.

அவருடைய பணி அரசியலோடு நிற்கவில்லை. ஹட்சன் ஆறு நகரக் கழிவாலும் ஆலைக் கழிவாலும் கெட்டுக் கிடந்ததைக் கண்டு, பழங்காலப் பாய்மரக் கப்பலைப் போன்றதொரு கப்பலைக் கட்டுவதற்கு நிதி திரட்டிப் பாடினார். 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' கப்பல் 1969-இல் நீரில் இறங்கியது. பள்ளிச் சிறுவர்களை அதில் ஏற்றிச் சென்று ஆற்று நீரின் நிலையை நேரில் காட்டினர். 1972-இல் நீர்த்தூய்மைக்கான தேசியச் சட்டம் நிறைவேறுவதற்குத் துணைநின்ற பல முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், அவருடைய தொண்ணூறாம் பிறந்த நாளில், நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் பெருங்கூட்டம் நிறைந்தது. வந்த நிதி கிளியர்வாட்டர் பணிக்குச் சென்றது. 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நியூயார்க்கில் ஓர் அரங்கில் பாடி முடித்த அவர், 92 வயதில், இரு கைகளிலும் ஊன்றுகோலுடன், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த இளைஞரோடு முப்பது தெருக்களுக்கு மேல் நடந்தார். உடன் வந்தோர் பாடிக்கொண்டே வந்தனர். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம், எழுபது ஆண்டு துணைநின்ற மனைவி தோஷியை இழந்தார். இரண்டு திங்கள் கழித்து, செப்டம்பரில், உழவர்க்கு உதவி செய்யும் இசை நிகழ்ச்சி ஒன்றில் 94 வயதில் மேடையேறினார். குரல் பெரும்பாலும் போய்விட்டது. அடியை எடுத்துக் கொடுத்தார், ஆயிரக்கணக்கானோர் பாடினர். 2014-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் மறைந்தார்.

இக்கச்சேரிகளுக்குச் சென்றோர் இனிய குரலைக் கேட்கச் செல்லவில்லை. அது முன்பே பதிவாகியிருந்தது. பாட்டு எந்த வாழ்க்கையிலிருந்து பிறந்ததோ அந்த வாழ்க்கையை நேரில் காணச் சென்றனர். கல்லெறிபட்டவர் இவர், வழக்காடு மன்றத்தில் நின்றவர் இவர், நிமிர்ந்து நிற்கிறார் என்று கண்ணால் கண்டனர். அவரோடு தாமும் பாடிய பின், அப்பாடலைக் காக்கும் பொறுப்பு தம்மையும் சேர்ந்தது என்று உணர்ந்தனர். ஒலிப்பதிவு பாட்டைத் தரும்; இப்பொறுப்பைத் தருவது மனிதர் முன்னிலையில் மட்டுமே இயலும்.

ஒருவர் வாயை அடைத்தால் பாட்டு நின்றுவிடும் என்று ஆட்சியாளர் எண்ணினர். அவரோ தம் பாட்டைப் பிறர் வாயில் வைத்துவிட்டார். அதனால் சட்டம் தடுத்தபோதும் அது நிற்கவில்லை. முதுமை குரலைப் பறித்தபோதும் நிற்கவில்லை. நம் நாட்டிலும் பாட்டியற்றிப் பாடும் முதியோர் பலர் உளர். கோயில் திருவிழாவிலும், ஊர் மன்றத்திலும், தெருக்கூத்து மேடையிலும் அவர்களைக் காணலாம். அவர்கள் பாடும் நாளில் செல்லுங்கள். குரல் தளர்ந்தது என்று திரும்பிவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அடியைக் கேட்டு, உடன் பாடிக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்துக் கொடுக்கும் அடியைத் தொடர்ந்து பாடவேண்டியவர்கள் நீங்கள்.